ஐரோப்பாவுக்குப் பொருள் அனுப்புகிறீர்களா? எந்த விதி, எந்த நாளிலிருந்து, யார் பொறுப்பில்: முழுமையான வழிகாட்டி

2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சந்தைக்கு வரும் கைபேசிகளில் யூஎஸ்பி-சி சார்ஜிங் துளை கட்டாயமானது. அந்த நாள் நெருங்கியதும் ஆப்பிள் நிறுவனம் ஐஃபோன் 14, ஐஃபோன் எஸ்இ ஆகியவற்றை ஒன்றிய நாடுகளில் தானே விற்பதை நிறுத்திக்கொண்டது. ஆனால் அதே ஐஃபோன் 14-ஐ முன்பே கொள்முதல் செய்து வைத்திருந்த ஒரு சில்லறைக் கடைக்காரர் ஜனவரியில் அதை விற்றால் அதில் சட்ட மீறல் இல்லை. மாடல் ஒன்று, ஊர் ஒன்று, நாளும் ஒன்று. ஒருவருக்குத் தடை, இன்னொருவருக்கு அனுமதி.

ஐரோப்பியப் பொருள் விதிகள் முழுக்க இந்த முடிச்சில்தான் நிற்கின்றன. ஏற்றுமதி செய்கிறவர்கள் பெரும்பாலும் "எந்த சர்டிஃபிகேட் வேண்டும்?" என்று தொடங்குகிறார்கள். அதற்கும் விடை உண்டு, ஆனால் வரிசையில் அது பின்னால் வர வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது: என் சரக்கின் ஒவ்வொரு உருப்படியும் ஐரோப்பியச் சந்தைக்குள் எந்த நாளில், யார் கையால் நுழைகிறது? உற்பத்தியான நாள் இந்தக் கணக்கில் இல்லை. கப்பல் ஏறிய நாளும் இல்லை.

கோவை வெட் கிரைண்டரைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்ப்போம். பாரிஸில் லா சப்பெல் பக்கம் தமிழ்க் கடைகளுக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சந்தை எத்தகையது என்று தெரியும். திருப்பூர் பனியனும் ஆம்பூர் தோலும் தேவையான இடத்தில் வந்து போகும்.

படி 1: சட்டத்தின் கண்ணில் உங்கள் பொருள் என்ன?

வீட்டு உபயோக வெட் கிரைண்டர் ஒரு மின் சாதனம். மாற்று மின்னோட்டத்தில் 50 முதல் 1000 வோல்ட் வரை இயங்கும் சாதனங்களுக்கான தாழ்மின்னழுத்த உத்தரவு 2014/35 அதற்குப் பொருந்தும். மின்காந்த இடையூறு பற்றிய உத்தரவு 2014/30, அபாயகரமான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ரோஸ் உத்தரவு 2011/65 ஆகியவையும் சேரும். மாவு படுகிற கல்லும் ஸ்டீல் பாத்திரமும் இருப்பதால் உணவுடன் தொடர்புறும் பொருள்களுக்கான ஒழுங்குமுறை 1935/2004-ம் வந்துவிடும்.

அதே கிரைண்டரைப் பெரிதாக்கி ஓட்டல் சமையலறைக்கென்று செய்தால் கதை மாறுகிறது. வீட்டு உபயோகச் சாதனம் இயந்திர உத்தரவிலிருந்து விலக்கப்பட்டது. வணிகச் சமையலறைக்கான கிரைண்டருக்கு அந்த விலக்கு இல்லை. அது இயந்திரம், அதற்கு உத்தரவு 2006/42. கவனியுங்கள்: மோட்டாரும் கல்லும் அல்ல, யாருக்காகச் செய்யப்பட்டது என்பதே இங்கே சட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

இந்த "யாருக்காக" என்ற கேள்வி பலரைத் தடுக்கி விழ வைக்கும். குழந்தைகளுக்கான சாதாரண டி-ஷர்ட்டில் சிஇ குறி (ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குகிறது என்று உற்பத்தியாளர் பொருளில் போடும் 'CE' அடையாளம்) போடக்கூடாது. அக்குறியைக் கோருகிற சட்டம் இருந்தால் மட்டுமே போடலாம், மற்றபடி போடுவதே மீறல். ஆனால் குழந்தை வேடம் போட்டு விளையாடுவதற்கான புலி உடையையோ இளவரசி உடையையோ அதே தையல் யூனிட்டில் தைத்தால் அது விளையாட்டுப் பொருள். சிஇ குறி இல்லாமல் அது உள்ளே போகவே கூடாது. குளிர்கண்ணாடி தற்காப்புக் கருவி (உடலைக் காக்க அணியும் சாதனம்) வகையில் சேரும், அதற்கும் சிஇ உண்டு.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை இன்னும் சுவையான வழக்கு. விளையாட்டுப் பொருள் பாதுகாப்பு உத்தரவு 2009/48 தன் இணைப்பில் நாட்டுப்புறப் பொம்மைகளையும் அலங்காரப் பொம்மைகளையும் விலக்கி வைத்திருக்கிறது. நிபந்தனை ஒன்று: 14 வயதும் அதற்கு மேலும் உள்ள சேகரிப்பாளர்களுக்கானது என்று பொருளிலோ பெட்டியிலோ தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அதை எழுதிவிட்டு, இணையதளத்தில் மூன்று வயதுக் குழந்தை அதை வைத்துக்கொண்டு சிரிக்கிற படத்தைப் போட்டால் எழுதியதற்கு மதிப்பில்லை. பொருளை விற்கிற விதமும் அது எந்த வகை என்பதற்கான சாட்சிதான்.

எந்தச் சிறப்புச் சட்டத்துக்குள்ளும் வராத நுகர்வோர் பொருள் இருந்தால்? அப்போதும் தப்ப முடியாது. பொதுப் பொருள் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2023/988, துறைக்காரர்கள் ஜிபிஎஸ்ஆர் என்று சொல்வது, கீழே விரித்த வலை. பித்தளை விளக்கு, மெத்தை, பனியன், மரக்கரண்டி எல்லாம் அதில் விழும். உணவு, மருந்து, உயிருள்ள தாவரங்கள், விலங்குகள், பழங்காலக் கலைப்பொருள்கள் போன்றவை அதன் வெளியே. சிறப்புச் சட்டம் உள்ள பொருளுக்கும், அந்தச் சட்டம் பேசாத ஆபத்தை ஜிபிஎஸ்ஆர் நிரப்பும்.

படி 2: பொருள் உண்மையிலேயே சந்தைக்குள் நுழைகிறதா?

மகள் வீட்டுக்குப் போகும் அம்மா பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போகிற கிரைண்டருக்கு இந்த விதிகள் கிடையாது. வேறு நாட்டில் தனக்கென வாங்கித் தானே கொண்டுவருவது சந்தையில் வைப்பது ஆகாது. அதையே பத்து எண்ணிக்கையில் கொண்டுபோய் அக்கம்பக்கத்தில் விற்றால் அது வணிகம்.

வேறு சிலவும் வெளியே நிற்கின்றன. ஒன்றிய நாடு ஒன்றின் வழியாக வேறொரு நாட்டுக்குக் கடந்து செல்லும் சரக்கு, சுங்கக் கிடங்கிலோ தீர்வையற்ற தனி மண்டலத்திலோ இருக்கும் சரக்கு, ஆய்வுக்கூடச் சோதனைக்கு அனுப்பும் மாதிரி, வணிகக் கண்காட்சியில் வைக்கும் காட்சிப் பொருள் ஆகியவை. கண்காட்சிக்குக் கொண்டுபோகிற மாதிரியின் பக்கத்தில் "இது விதிகளுக்கு இணங்காதது, இணங்கச் செய்யாமல் விற்பனைக்கு இல்லை" என்று பலகை வைப்பது நல்லது, சில சட்டங்களில் கட்டாயமும்கூட. கண்காட்சியின் கடைசி நாளில் அந்த மாதிரியை அங்கேயே யாரிடமாவது விற்றுவிட்டு வருவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். அந்த விற்பனையோடு விலக்கு போய்விடுகிறது.

இலவசமாகக் கொடுத்தால் சட்டம் பொருந்தாது என்ற எண்ணமும் தவறு. விலை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வணிக நடவடிக்கையின் பகுதியாகக் கொடுத்தால் போதும்.

"சந்தை" என்பது 27 நாடுகளோடு முடிவதில்லை. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் வழியாக இதில் சேர்கின்றன. பிரிட்டன் வெளியே போய்விட்டது, வட அயர்லாந்துக்கு மட்டும் தனி ஏற்பாடு. 2021 ஜனவரி 1 அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். பர்மிங்காம் மொத்த வியாபாரியிடம் வாங்கி டப்ளினில் விற்றுவந்த கடைக்காரர் முந்தைய நாள்வரை வெறும் விநியோகஸ்தர். விடிந்ததும் அவர் இறக்குமதியாளர். பொருளில் எதுவும் மாறவில்லை, ஆனால் அவர் பெயரையும் முகவரியையும் பொருளில் அச்சிட வேண்டியதாயிற்று, ஆவணங்களுக்கும் அவரே பொறுப்பானார். 2020 டிசம்பர் 31-க்குள் சந்தையில் வைக்கப்பட்டுவிட்ட உருப்படிகளுக்கு மட்டும் பழைய நிலை தொடர்ந்தது.

படி 3: அந்த நொடியைக் கண்டுபிடியுங்கள்

வழிகாட்டியின் இதயம் இதுதான், இங்கே நிதானமாகப் போவோம்.

சட்டத்தில் இரண்டு செயல்கள் உண்டு. வணிக நடவடிக்கையாக ஒரு பொருளை விநியோகத்துக்கோ நுகர்வுக்கோ பயன்பாட்டுக்கோ கொடுப்பது "கிடைக்கச் செய்தல்". ஒரு பொருள் கைமாறும் ஒவ்வொரு முறையும் இது நடக்கும். அந்தக் கைமாற்றங்களில் முதலாவது மட்டும் "சந்தையில் வைத்தல்". உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ மட்டுமே இதைச் செய்ய முடியும். பொருள் எந்த விதிகளுக்கு இணங்க வேண்டும் என்பதை இந்த முதல் கைமாற்றம் நடந்த நாள் தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகு விதி மாறினாலும், அன்று சரியாக இருந்த பொருள் கடையில் தொடர்ந்து விற்கப்படலாம். இதுவே பொது விதி, விலக்குகளைப் பிறகு பார்ப்போம்.

மூன்று நுணுக்கங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு உருப்படிக்கு உருப்படி. "இந்த மாடலை 2019-லேயே அறிமுகப்படுத்திவிட்டோம், பழைய விதிதான் பொருந்தும்" என்ற வாதம் நிற்காது. மாடல் சந்தையில் வைக்கப்படுவதில்லை, ஒவ்வொரு கிரைண்டரும் தனித்தனியாக வைக்கப்படுகிறது. சென்ற மாதம் போனதற்கு ஒரு விதி, இந்த மாதம் போவதற்கு வேறு விதி என்று இருக்கலாம்.

பொருள் கையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியதில்லை. உரிமையோ உடைமையோ மாறுவதற்கான ஒப்பந்தம், அல்லது அதற்கான விற்பனை முன்மொழிவு, வாய்மொழியாக இருந்தாலும் போதும். ஆனால் பொருள் செய்து முடிக்கப்பட்டிருக்க வேண்டும். தறியில் ஏறாத துணிக்குப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி "விதி மாறுவதற்கு முன்பே விற்றுவிட்டோம்" என்று சொல்ல முடியாது.

இருப்பு யாருடைய கிடங்கில் இருக்கிறது என்பது எல்லாவற்றையும் மாற்றும். கோவையில் உங்கள் குடோனில் இருப்பது சந்தையில் வைக்கப்படவில்லை. ஹாம்பர்க் இறக்குமதியாளரின் குடோனில், இன்னும் யாருக்கும் விநியோகத்துக்கு விடாமல் இருப்பதும் வைக்கப்படவில்லை. அவரிடமிருந்து மொத்த வியாபாரிக்குப் போய்விட்டதென்றால் வைக்கப்பட்டுவிட்டது. ஐஃபோன் கதையில் கடைக்காரருக்குக் கிடைத்த அனுமதி இந்த வரியிலிருந்துதான் வருகிறது.

ஐரோப்பிய ஆணையம் இதையெல்லாம் "நீல வழிகாட்டி" என்ற ஆவணத்தில் விளக்கியிருக்கிறது, இப்போதைய பதிப்பு 2022-இல் வந்தது. அது சட்டம் அல்ல, ஆனால் அதிகாரிகள் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

சில பொருள்களுக்கு இன்னொரு நொடியும் உண்டு: முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு விடுதல். ஒரு ஜெர்மன் தொழிற்சாலை தனக்கான இயந்திரத்தைத் தானே செய்து தானே ஓட்டினால் கைமாற்றமே இல்லை, ஆனாலும் இயந்திரச் சட்டம் பொருந்தும்.

படி 4: சட்டத்தின் கடைசிப் பக்கங்களைப் படியுங்கள்

ஐரோப்பியச் சட்டங்களில் இரண்டு தேதிகள் இருக்கும். நடைமுறைக்கு வந்த நாள் ஒன்று, பொருந்தத் தொடங்கும் நாள் மற்றொன்று. உங்களுக்குத் தேவை இரண்டாவது. ஜிபிஎஸ்ஆர் 2023 ஜூன் 12-இல் நடைமுறைக்கு வந்தது, பொருந்தத் தொடங்கியது 2024 டிசம்பர் 13-இல். நடுவில் ஒன்றரை ஆண்டு, எல்லோரும் ஆயத்தமாவதற்கு.

அதன் பக்கத்திலேயே இடைக்கால விதி என்று ஒரு பிரிவு இருக்கும். அதில் மூன்று மாதிரிகளைப் பார்க்கலாம்.

பெரும்பாலானவை பொது விதியை அப்படியே சொல்லும்: இந்த நாளுக்கு முன் பழைய சட்டப்படி சந்தையில் வைக்கப்பட்டவற்றை யாரும் தடுக்கக்கூடாது. ஜிபிஎஸ்ஆர் அப்படித்தான் சொல்கிறது. பழைய குண்டு பல்புகளுக்கு நடந்ததும் அதுதான். 2009 செப்டம்பரில் 100 வாட் பல்பில் தொடங்கிப் படிப்படியாகத் தடை வந்தது, ஆனால் கடைகளில் ஏற்கெனவே இருந்த பல்புகள் தீரும்வரை விற்கப்பட்டன.

இரண்டாவது மாதிரி கடுமையானது. அழகுசாதனங்களில் ஒரு வேதிப்பொருள் தடைசெய்யப்படும்போது பல சமயம் சந்தையில் வைப்பதும் கிடைக்கச் செய்வதும் ஒரே நாளில் தடையாகும். ஜெல் நகப்பூச்சில் இருந்த டிபிஓ (TPO) என்ற வேதிப்பொருளுக்கு 2025 செப்டம்பர் 1-இல் அது நடந்தது. அலமாரியில் இருந்ததையும் எடுக்க வேண்டும், அழகு நிலையங்களும் மிச்சப் புட்டியைப் பயன்படுத்தக்கூடாது. லிலியால் என்ற வாசனைப் பொருளுக்கு 2022 மார்ச் 1-இல் இதே கதி. மூலிகைச் சோப்பும் முகப்பூச்சும் அனுப்புகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. உங்கள் சரக்கு கடைக்குப் போய்விட்டது என்பது இங்கே பாதுகாப்பு அல்ல.

மூன்றாவது, ஒரே சட்டத்துக்குள் இரண்டு கடிகாரங்கள். டிஜிட்டல் பொருள்களுக்கான சைபர் தாங்குதிறன் சட்டம் 2024/2847 முழுமையாகப் பொருந்துவது 2027 டிசம்பர் 11 முதல். அதற்கு முன் சந்தையில் வைத்தவை பெரிதாக மாற்றப்பட்டாலொழிய தப்பிக்கும். ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளைத் தெரிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11-இலேயே தொடங்குகிறது, அதுவும் பழைய பொருள்களையும் சேர்த்து. தலைப்பைப் பார்த்து 2027 என்று குறித்து வைத்தவர் ஒன்றேகால் ஆண்டு பிந்திவிடுவார்.

படி 5: ரீச் சட்டத்துக்குத் தனிக் கணக்கு

வேதிப்பொருள்களுக்கான ரீச் ஒழுங்குமுறை 1907/2006 இதே சொற்களைப் பயன்படுத்துகிறது, ஆனால் வேறு பொருளில். அனுபவமுள்ள ஏற்றுமதியாளர்களும் சறுக்குகிற இடம் இது. ரீச்சில் மூன்றாம் நபருக்குக் கொடுக்கிற ஒவ்வொரு முறையும் "சந்தையில் வைத்தல்"தான், முதல் முறை மட்டுமல்ல. இறக்குமதி செய்வதே சந்தையில் வைத்ததாகக் கொள்ளப்படும். ஆகவே ரீச் தடை ஒன்று வந்தால், கடையில் இருக்கும் இருப்பும் அதில் அடிபடும், தடைக்குள்ளேயே விலக்கு எழுதியிருந்தாலொழிய.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த எடுத்துக்காட்டு உண்டு. தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கக்கூடாது என்ற விதி, உடலின் சருமத்தில் படும் தோல் பொருள்களுக்கு 2015 மே 1-இல் வந்தது. அதில் எழுதப்பட்ட விலக்கு யாருக்கு? அந்த நாளுக்கு முன்பே ஒன்றியத்தில் ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருந்த, இரண்டாம் கைக்கு வரும் பொருளுக்கு. கடையில் பெட்டியைத் திறக்காமல் இருந்த புதுச் செருப்புக்கு அல்ல. இதற்கு நேர்மாறாக, உதிரி மினுக்குத்தூள் உள்ளிட்ட நுண்நெகிழித் தடையில் 2023 அக்டோபர் 17-க்கு முன் சந்தையில் வைத்தவை விடப்பட்டன. விலக்கை எழுத வேண்டிய அவசியம் வந்ததே ரீச்சின் அந்த அகலமான வரையறையால்தான்.

திருப்பூருக்கு வேண்டியவை சில. தடைசெய்யப்பட்ட அரோமாட்டிக் அமீன் என்ற வேதிப்பொருள்களை வெளிவிடும் அசோ சாயங்களுக்கு, ஒவ்வொரு அமீனுக்கும் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வரம்பு. தண்ணீரில் துவைக்கப்படும் துணியில் நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் என்ற வேதிப்பொருள் எடையில் 0.01 சதவீதத்தை எட்டக்கூடாது, 2021 பிப்ரவரி 3 முதல். உடைகளில் ஃபார்மால்டிஹைடு உள்ளிட்ட புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களுக்கான பட்டியல் 2020 நவம்பர் 1 முதல் பொருந்துகிறது.

இன்னொரு பட்டியல் "மிகக் கவலைக்குரிய பொருள்கள்" பட்டியல். இது வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை நீளும். சேர்க்கப்பட்ட அன்றே, 0.1 சதவீதத்துக்கு மேல் அது இருக்கும் பொருளைக் கொடுப்பவர் தன்னிடம் வாங்கும் வணிகருக்குத் தகவல் தர வேண்டும். நுகர்வோர் கேட்டால் 45 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த 0.1 சதவீதத்தை முழுப் பையின் எடைக்குப் பார்க்கக்கூடாது, ஜிப்புக்குத் தனியாக, கொக்கிக்குத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015 செப்டம்பர் 10-இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே துணிக்கு டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கிவிட்டு ஜிப் சப்ளையரைக் கேட்காமல் விடுவது பாதி வேலைதான்.

படி 6: பொறுப்பு யாருடையது?

உங்கள் பெயரிலோ உங்கள் பிராண்டிலோ விற்றால் நீங்கள் உற்பத்தியாளர். ஐரோப்பிய பிராண்டுக்கு அவர்கள் பெயரில் தைத்துக் கொடுத்தால், சட்டத்தின் பார்வையில் அந்த பிராண்டே உற்பத்தியாளர், நீங்கள் சப்ளையர். திருப்பூரின் பெரும்பகுதி இந்த இரண்டாம் நிலையில் இருக்கிறது. அதனால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம், பையர் தன் கடமையை ஒப்பந்தத்தின் வழியாக உங்களுக்கு இறக்கிவிடுவார். ஆனால் அதிகாரிக்குப் பதில் சொல்வது ஒன்று, பையருக்கு நஷ்டஈடு கொடுப்பது வேறு. எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று பாருங்கள்.

வெளிநாட்டுப் பொருளை முதலில் உள்ளே கொண்டுவருபவர் இறக்குமதியாளர். அவர் பெயரும் அஞ்சல் முகவரியும் பொருளிலோ, முடியாவிட்டால் பெட்டியிலோ இருக்க வேண்டும். அவரே தன் பிராண்டை ஒட்டினால் உற்பத்தியாளர் ஆகிவிடுவார்.

சந்தைக் கண்காணிப்பு ஒழுங்குமுறை 2019/1020 வந்தபிறகு, 2021 ஜூலை 16 முதல், மின் சாதனம், விளையாட்டுப் பொருள், இயந்திரம், தற்காப்புக் கருவி போன்ற பல வகைகளுக்கு ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். உற்பத்தியாளர், இறக்குமதியாளர், எழுத்துமூலம் நியமிக்கப்பட்ட பிரதிநிதி, இவர்கள் யாருமே இல்லாவிட்டால் சரக்கைக் கிடங்கில் வைத்து அனுப்பிக்கொடுக்கும் சேவை நிறுவனம். ஜிபிஎஸ்ஆர் இந்த நிபந்தனையை மற்ற நுகர்வோர் பொருள்களுக்கும் நீட்டிவிட்டது. அழகுசாதனத்துக்கு இந்த ஏற்பாடு பழையது: ஒழுங்குமுறை 1223/2009-இன்படி பொறுப்பாளர் ஒருவரும், விற்பனைக்கு முன் இணையவழிப் பதிவும் வேண்டும்.

சர்டிஃபிகேட் கேள்விக்கு இப்போது வரலாம். வீட்டு கிரைண்டருக்கு வெளி நிறுவனத்தின் சான்று கட்டாயம் இல்லை. உற்பத்தியாளரே சோதித்து, டெக்னிக்கல் ஃபைல் (வடிவமைப்பு, சோதனை விவரங்கள் அடங்கிய கோப்பு) தயாரித்து, பொருள் விதிகளுக்கு இணங்குகிறது என்று உறுதி கூறும் இணக்க அறிவிப்பில் கையெழுத்திட்டு, குறைந்தது 5 மில்லிமீட்டர் உயரத்தில் சிஇ குறி போடுகிறார். பொறுப்பும் அவருடையதே. "சிஇ சர்டிஃபிகேட்" என்று தங்க முத்திரையோடு விற்கப்படும் காகிதங்களில் பல இந்தக் கையெழுத்துக்கு ஈடாகா. நல்ல ஆய்வுக்கூடத்தின் டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குச் செலவழிக்கும் பணம் வீண் போகாது, முத்திரைக்குச் செலவழிப்பது பெரும்பாலும் வீண். இன்னொன்று, வீட்டு உபயோக பிளக் தாழ்மின்னழுத்த உத்தரவுக்குள் வராது, அது அந்தந்த நாட்டின் விதி. நம்மூர் மூன்று முனை பிளக்கோடு அனுப்பிவிட்டு அடாப்டரைப் பெட்டியில் போடுவது தீர்வாகாது.

படி 7: இணையத்தில் விற்றால்

கோவையிலிருந்து நேராக வாடிக்கையாளருக்கு பார்சல் அனுப்பினால் சட்டம் தொடாது என்ற காலம் போய்விட்டது. உங்கள் விற்பனை ஒன்றியத்திலுள்ள வாங்குவோரைக் குறிவைத்தால், அந்த விற்பனை அறிவிப்பே பொருளைச் சந்தையில் கிடைக்கச் செய்ததாகக் கணக்காகும். குறிவைப்பதற்கு அடையாளம் என்ன? எந்த நாடுகளுக்கு அனுப்புகிறீர்கள், எந்த மொழியில் எழுதியிருக்கிறீர்கள், எந்த வழியில் பணம் வாங்குகிறீர்கள் என்பவை. இணையதளத்தை ஐரோப்பாவில் திறந்து பார்க்க முடிவது மட்டும் போதாது. ஆனால் யூரோவில் விலை, ஜெர்மனிக்கு டெலிவரி என்று போட்டிருந்தால் வாதாட இடமில்லை.

ஜிபிஎஸ்ஆர் பொருந்தும் பொருளென்றால் விற்பனைப் பக்கத்திலேயே உற்பத்தியாளர் பெயரும் தொடர்பு முகவரியும், ஒன்றியத்திலுள்ள பொறுப்பாளரின் விவரமும், பொருளின் படமும், எச்சரிக்கைகளும் தெரிய வேண்டும். வாங்கிய பிறகு பெட்டிக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்பது செல்லாது.

சரக்கை முன்கூட்டியே ஒன்றியத்திலுள்ள அனுப்புதல் சேவைக் கிடங்குக்கு மொத்தமாக அனுப்பி வைத்தால், அது விநியோகத்துக்காக வைக்கப்பட்டது. சுங்கத்திலிருந்து விடுபட்ட நேரத்திலேயே சந்தையில் வைக்கப்பட்டதாகப் பார்க்கப்படும். படி 3-இல் சொன்ன இறக்குமதியாளர் குடோன் கணக்கை இங்கே பயன்படுத்த முயலாதீர்கள்.

படி 8: சுங்கத்தில்

தடையற்ற புழக்கத்துக்கு, அதாவது ஒன்றியத்துக்குள் தடையின்றி விற்கவும் பயன்படுத்தவும், விடச் சொல்லி அறிவித்த சரக்கு சந்தைக்கு வருவதாகவே அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். சிஇ குறி இல்லை, ஆவணம் இல்லை, பொறுப்பாளர் பெயர் இல்லை, ஆபத்து என்று ஐயம், இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் நிறுத்திவைப்பார்கள். நிறுத்திய நாலு வேலை நாளுக்குள் சந்தைக் கண்காணிப்பு அதிகாரிகள் தொடர்ந்து நிறுத்தச் சொல்லாவிட்டால், மற்ற நடைமுறைகள் முடிந்திருக்கும் பட்சத்தில் சரக்கு விடப்படும். விடப்பட்டது என்பது இணக்கத்துக்குச் சான்றல்ல என்று அதே சட்டம் சொல்லிவைத்திருக்கிறது. "கஸ்டம்ஸ் கிளியர் ஆயிடுச்சு" என்று பையருக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவைக்காதீர்கள். ஆபத்தான பொருள்கள் 'சேஃப்டி கேட்' என்ற பொது அறிவிப்பில் படத்தோடு வரும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் தலைமூடியிலும் கழுத்திலும் நாடா கூடாது என்கிற ஈஎன் 14682 தரநிலையை மீறிய உடைகள் அதில் அடிக்கடி தென்படும்.

படி 9: பழைய பொருளும் மாற்றிய பொருளும்

ஒன்றியத்துக்குள்ளேயே சுற்றும் பழைய பொருளுக்கு அதன் முதல் நாள் விதியே பொருந்தும். வெளிநாட்டிலிருந்து முதன்முறையாக வரும் பழைய பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை, இருபது ஆண்டு ஓடிய இயந்திரமானாலும் இன்றைய விதிகளுக்கு இணங்க வேண்டும். பழுதுபார்ப்பது பிரச்சினை இல்லை. ஆனால் பொருளின் திறனையோ நோக்கத்தையோ ஆபத்தின் தன்மையையோ மாற்றுமளவுக்குத் திருத்தினால் அது புதுப் பொருள், திருத்தியவர் உற்பத்தியாளர்.

படி 10: நாளை நிரூபிக்கும் காகிதம்

எல்லாக் கணக்கும் ஒரு நாளைச் சுற்றி இருப்பதால், அந்த நாளைக் காட்ட முடியாவிட்டால் கணக்கே இல்லை. இன்வாய்ஸில் வெறும் "கிரைண்டர், 200 எண்ணம்" என்றிருந்தால் எந்த உருப்படி எப்போது கைமாறியது என்று சொல்ல முடியாது. வரிசை எண்ணோ லாட் எண்ணோ இன்வாய்ஸிலும் டெலிவரி சலானிலும் இருக்கட்டும். இறக்குமதியாளர் அடுத்தவருக்குக் கொடுத்த தேதியை லாட் வாரியாக உங்களுக்குத் தெரிவிப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். டெக்னிக்கல் ஃபைலையும் இணக்க அறிவிப்பையும் பெரும்பாலான சட்டங்கள் பத்தாண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. அந்தப் பத்தாண்டு கடைசி உருப்படி சந்தையில் வைக்கப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓட்டல் கிரைண்டர் 40 எண்ணம், 2026 நவம்பரில் கோவையிலிருந்து ஹாம்பர்க் இறக்குமதியாளருக்குப் போகிறது. இயந்திர உத்தரவு 2006/42-க்குப் பதிலாக ஒழுங்குமுறை 2023/1230 பொருந்தத் தொடங்குவது 2027 ஜனவரி 20. அதற்கு முன் 25 கிரைண்டர்கள் விநியோகஸ்தர்களுக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றுக்குப் பழைய உத்தரவு, அவர்கள் அதை மார்ச்சில் விற்றாலும் சரி. மீதி 15 இறக்குமதியாளர் கிடங்கிலேயே, யாருக்கும் ஒதுக்கப்படாமல் இருக்கின்றன. அவற்றுக்குப் புதிய ஒழுங்குமுறை. பழைய உத்தரவின் பெயரில் எழுதிய இணக்க அறிவிப்போடு அந்தப் பதினைந்தை ஜனவரி 20-க்குப் பிறகு வெளியே விட முடியாது. ஆகவே கிரைண்டரின் வடிவமைப்பையும் ஆபத்து மதிப்பீட்டையும் இப்போதே புதிய ஒழுங்குமுறைக்கு ஒப்பிட்டுச் சரிசெய்து, கையேட்டையும் திருத்தி வைத்துவிடுங்கள். ஜனவரியில் மாற்ற வேண்டியது அறிவிப்புத் தாள் ஒன்றாக மட்டும் இருக்கும். அதையும் நவம்பரிலேயே வரைந்து இறக்குமதியாளரிடம் காட்டிவிட்டால், அந்தப் பதினைந்து பெட்டிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் வராது.